பழவேற்காட்டுக் கருவாட்டுக்கு ஒரு விசிட்டிங் கார்டு

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று விசிட்டிங் கார்டு தயாரிப்பது. பெயரைப் பெரிதாக அடித்து, மூலையில் ஒரு ரோஜாப் பூவை ஒட்டி, எழுத்துகளுக்கு நிழல் கொடுத்து, நாலு கார்டு எடுத்து நண்பர்களிடம் காட்டுவதோடு அது முடிந்துவிடும். அதே வேலையை ஒரு சிறு தொழிலுக்குப் பயன்படும்படி எப்படிச் செய்வது என்று இந்த மாதம் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் பழவேற்காடு.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் இருக்கிறது. ஏரியைச் சுற்றியும் கடலை ஒட்டியும் மீனவர் குப்பங்கள். இறால், நண்டு, மடவை ஆகியவை ஏரி தருபவை. நெத்திலி கடல் தருவது. விற்றது போக மீந்தது கருவாடாகும். ஊருக்குள் பெண்கள் பனை ஓலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கார்களிலும் பைக்குகளிலும் ஆட்கள் வருகிறார்கள். ஏரியையும் டச்சுக் கல்லறைகளையும் பார்த்துவிட்டு, அரைக் கிலோ கருவாடோ ஓர் ஓலைப் பெட்டியோ வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த அரைக் கிலோ கருவாடு வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த மாதம் இரண்டு கிலோ வேண்டும். யாரைக் கூப்பிடுவது? "அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா" என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தன் தெருக் கடையிலேயே வாங்கிக்கொள்வார். இங்கே விற்ற அம்மா சரக்கை மறுபடி மொத்த வியாபாரியிடம்தான் போட வேண்டும். வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள், அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குச் சரக்கைப் போடுவது மீன் தொழிலில் பல இடங்களில் உள்ள வழக்கம். நேரடியாக வாங்கும் பத்து வீடுகள் கிடைத்தால்கூட அந்தக் குடும்பத்தின் கணக்கு மாறும். நாம் செய்யப் போகும் கார்டு செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்: ஒரு முறை வந்தவர், மறுமுறை நேராக நம்மைக் கூப்பிட வேண்டும். கார்டில் எதைப் போடுவது, எதை விடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு வெள்ளைத்தாள்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "எங்களிடம் அனைத்து வகையான கடல் உணவுகளும் சிறந்த முறையில் கிடைக்கும்" என்று ஒரு வரி தானாகவே வந்து விழும். அதை அடித்துவிடுங்கள். அந்த வரியை எந்தக் கடைக்கும் போடலாம். ஆகவே அது எந்தக் கடையையும் நினைவுபடுத்தாது. "நெத்திலிக் கருவாடு, இறால் கருவாடு, ஏரி நண்டு" என்று எழுதுங்கள். மூன்று சரக்கு போதும். அடுத்து பெயர், போன் நம்பர், ஊர், அழைக்க ஏற்ற நேரம்.

விலையைப் போட வேண்டாம். இன்று கிடைத்த நண்டு நாளை கிடைக்காது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் வரத்தே குறைந்துவிடும். "வருமுன் போன் செய்யவும்" என்ற ஒரு வரி விலைப்பட்டியலை விடப் பயன்படும். வந்து ஏமாந்து திரும்புகிறவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

கருவாடோ ஊறுகாயோ பாக்கெட் போட்டு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண் வைத்திருப்பார்கள். பாக்கெட்டின் லேபிளில் அது கட்டாயம் இருக்க வேண்டும். கார்டின் அடியில் சிறியதாகப் போட்டால் ஓட்டல்காரர்களிடம் பேசும்போது உதவும். எண் இல்லாதவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடலாம்.

ஊர்ப் பெயரில் ஒரு சிக்கல்

தமிழில் பழவேற்காடு. ஆங்கிலத்தில் புலிக்காட். போர்டுகளில் பழவேற்காடு என்பதையே ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். வாடிக்கையாளர் மொபைல் போனின் மேப்பில் புலிக்காட் ஏரி என்று தேடினால் என்ன ஆகும்? ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், 2022ல் உருவான திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மேப் அவரைத் தடா, சூலூர்பேட்டை பக்கம் கொண்டுபோய் விட்டாலும் வியப்பில்லை. அங்கிருந்து நம் ஊருக்கு வர ஏரியைச் சுற்ற வேண்டும். ஆகவே கார்டில் பழவேற்காடு என்று தமிழிலும், புலிக்காட் என்று ஆங்கிலத்திலும், "பொன்னேரி வழி" என்றும், 601205 என்ற பின்கோடும் இருக்கட்டும். கதவு எண்ணை விட இவைதான் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இந்த ஊர்ப் பெயருக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைக்குட்டைகளை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஊர்ப் பெயரை வைத்தே அழைத்தார்கள். பிறகு ஸ்காட்லாந்துத் தறிகளில் நெய்த துணிக்கும் அந்தப் பெயரையே வைத்து விற்றார்கள்! அப்படிப்பட்ட பெயரைக் கார்டின் அடியில் ஆறு பாயின்ட் அளவில் ஒளித்து வைக்கலாமா? "பழவேற்காடு நெத்திலி" என்பதையே தலைப்பாக வைக்கலாம்.

லோகோ வேண்டுமா?

லோகோ என்றதும் எல்லோரும் பூநாரைப் படத்தைத் தேடி இன்டர்நெட்டில் இறங்கிவிடுகிறார்கள். பறவை அழகுதான், ஆனால் நீங்கள் விற்பது நண்டு. மேலும் இன்டர்நெட்டில் எடுக்கும் படங்கள் பலவும் வேறு ஒருவருக்கு உரிமையானவை.

நல்ல லோகோ எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஊர் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1602ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அந்தக் கம்பெனியின் சின்னம் மூன்று ஆங்கில எழுத்துகள்: வி, ஓ, சி. (நம் கப்பலோட்டிய வ.உ.சி. அல்ல!) பெரிய வி எழுத்தின் இடது காலில் ஓ, வலது காலில் சி. பீரங்கியில் வார்த்தாலும், நாணயத்தில் அடித்தாலும், பீங்கான் தட்டில் வரைந்தாலும் அது அதேதான். ஒரே நிறம், நாலைந்து கோடுகள். பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் தெரிந்தது.

உங்கள் லோகோவையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் தெரிகிறதா? சுண்டுவிரல் நக அளவுக்குச் சுருக்கினால் தெரிகிறதா? இல்லை என்றால் லோகோவே வேண்டாம். பெயரை நல்ல தடித்த எழுத்தில் போடுவதே போதும்.

கம்ப்யூட்டரில் செய்வது

இதற்கு விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இறக்கி இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். அதில் ரைட்டர் புரோகிராமைத் திறந்து, பைல் மெனுவில் நியூ என்பதைக் கிளிக் செய்திடவும். விரியும் பட்டியலில் பிசினஸ் கார்ட்ஸ் என்றும், லேபிள்ஸ் என்றும் இரண்டு இருக்கும். பெயரைப் பார்த்து முதலாவதற்குப் போய்விடாதீர்கள். அதில் உள்ள மாதிரிகள் கம்பெனி பெயர், பதவி, பேக்ஸ் எண் என்று அலுவலகக்காரர்களுக்காக அமைக்கப்பட்டவை. நமக்கு லேபிள்ஸ்தான் வசதி.

லேபிள்ஸ் என்பதைக் கிளிக் செய்தால் ஒரு டயலாக் பாக்ஸ் கிடைக்கும். அதில் பார்மட் என்ற டேபுக்குச் செல்லவும். நம் ஊரில் பரவலாக உள்ள கார்டின் அளவு மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், அதாவது 8.9 செ.மீ. அகலம், 5.1 செ.மீ. உயரம். ஏ4 தாளில் இப்படி இரண்டு வரிசையாக, ஐந்து ஐந்தாக, பத்துக் கார்டுகள் அடங்கும். அகலம் என்ற கட்டத்திலும், கிடைமட்ட பிட்ச் என்ற கட்டத்திலும் 8.9 என்று கொடுங்கள். உயரத்திலும் செங்குத்து பிட்சிலும் 5.1. காலம் 2, ரோ 5. இடது மார்ஜின் 1.6, மேல் மார்ஜின் 2.1. பக்கத்தின் அகலம் 21, உயரம் 29.7. (ஏ4 அகலமான 21லிருந்து இரண்டு கார்டின் 17.8ஐக் கழித்து, மீதியை இரண்டால் வகுத்தால் 1.6. உயரத்துக்கும் அதே கணக்கு.) அளவுகள் அங்குலத்தில் தெரிந்தால் கவலை வேண்டாம், எண்ணுக்குப் பின்னால் சென்டிமீட்டருக்கான இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

அடுத்து ஆப்ஷன்ஸ் டேபில் "சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்" என்பதற்கு எதிரே டிக் அடையாளம் ஏற்படுத்தவும். இது மிக முக்கியம். பிறகு நியூ டாகுமென்ட் பட்டனைக் கிளிக் செய்திடவும். பத்துக் கட்டங்களுடன் பக்கம் திறக்கும். இடது மேல் மூலையில் உள்ள முதல் கட்டத்தில் மட்டும் உங்கள் கார்டை அமையுங்கள். முடிந்ததும் திரையில் மிதக்கும் சிங்க்ரனைஸ் லேபிள்ஸ் பட்டனை அழுத்தினால் மற்ற ஒன்பதிலும் அது அப்படியே வந்துவிடும். நாளை போன் நம்பர் மாறினாலும் ஒரு கட்டத்தில் திருத்தினால் போதும்.

படம் சேர்ப்பதாக இருந்தால் இன்சர்ட் மெனுவில் இமேஜ். சேர்த்த பின் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ஆங்கர் என்பதில் ஆஸ் கேரக்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஆங்கர் என்றால் நங்கூரம். பாய்ச்சாவிட்டால் படம் மிதந்து போய்விடும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படம் மங்கலாக அச்சாகாமல் இருக்க அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. கார்டு முழுவதும் பரவும் படம் என்றால் 1050க்கு 600 பிக்சல். வாட்ஸ் அப்பில் வந்த படத்தை எடுத்து ஒட்டினால் பிசிறடிப்பதற்குக் காரணம், அனுப்பும்போது அது சுருக்கப்பட்டிருப்பதுதான்.

தமிழ் எழுத்து

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 6 பாயின்ட்டில் தெரிவது தமிழில் தெரியாது. நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். சிறிய அளவில் போல்ட் செய்தால் ண, ணை போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகும். மெல்லிய எழுத்துருவில் அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். ஆகவே மிகச் சிறிய வரிக்கும் 8 பாயின்ட்டுக்குக் கீழே போக வேண்டாம். பெயருக்கு 14, போன் நம்பருக்கு 14 அல்லது 16. போன் நம்பர்தான் கார்டிலேயே பெரியதாக இருக்கலாம், தவறில்லை.

எழுத்துரு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. விண்டோஸில் நிர்மலா யுஐ ஏற்கெனவே இருக்கிறது. கூகுள் தரும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டும் யூனிகோட். பத்து இலக்க நம்பரை ஒரே தொடராக அடிக்காமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து அடியுங்கள். மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிப்பவருக்கு அது பெரிய உதவி.

யூனிகோடில் செய்த கார்டை அச்சகத்துக்குக் கொண்டு போகும்போது ஒரு வழக்கமான வில்லங்கம் வரும். பழைய பேஜ்மேக்கர் போன்ற புரோகிராம்களுக்கு யூனிகோட் தமிழ் புரியாது. அவர்கள் வேறு வகை எழுத்துருவில் மறுபடியும் டைப் செய்வார்கள். "கொ" என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறுவது, பழவேற்காடு "பழவெற்காடு" ஆவது எல்லாம் அப்போதுதான். இதைத் தவிர்க்க ரைட்டர் பைலைக் கொடுக்காதீர்கள். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎப் என்பதைத் தேர்ந்தெடுத்து, பிடிஎப் பைலாகக் கொடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும். டைப் செய்யாமல் அப்படியே அச்சடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் முதல் பிரதியைப் பார்க்காமல் ஆயிரம் கார்டுக்குத் தலையாட்ட வேண்டாம். கார்டின் ஓரம் வரை நிறம் வர வேண்டும் என்றால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் நீட்டித் தர வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும். வெள்ளைப் பின்னணியே போதும் என்பது என் கட்சி. மையும் மிச்சம்.

க்யூஆர் கட்டம்

ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994ல் கார் உதிரி பாகங்களை அடையாளம் காண உருவாக்கிய க்யூஆர் கோட் இன்று பெட்டிக் கடை வரை வந்துவிட்டது. கார்டில் இதை வைத்தால் வாடிக்கையாளர் நம்பரைத் தட்ட வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸிலேயே இதற்கு வசதி உண்டு. இன்சர்ட் மெனுவில் ஓஎல்இ ஆப்ஜெக்ட், அதில் க்யூஆர் அண்ட் பார்கோட். வரும் கட்டத்தில் டி, இ, எல் என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகள், ஒரு கோலன், அதை ஒட்டி இடைவெளி விடாமல் +91, பிறகு உங்கள் நம்பர். ஓகே கொடுத்தால் கட்டம் தயார். இரண்டு செ.மீ. அளவுக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு வையுங்கள். கறுப்பிலேயே இருக்கட்டும்.

இலவசமாகக் க்யூஆர் செய்து தரும் தளங்களில் எச்சரிக்கை தேவை. அவற்றில் சில, உங்கள் நம்பரை நேராகப் பதியாமல் தங்கள் தளத்தின் முகவரியைப் பதிந்து தரும். இலவசக் காலம் முடிந்ததும் அந்தக் கட்டம் செத்துப்போகும். உங்கள் கார்டுகளோ ஊரெல்லாம் இருக்கும். பணம் வாங்கும் யுபிஐ கட்டத்தையும் கார்டில் போட வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே கார்டில் இரண்டு கட்டம் இருந்தால் எது எதற்கு என்று குழப்பம் வரும். அதன் இடம் கடைச் சுவர்.

ஈரக் கையும் இங்க்ஜெட்டும்

மீன் விற்கும் இடத்தில் கை எப்போதும் ஈரம். பெரும்பாலான வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்களின் வண்ண மை தண்ணீர் பட்டால் கரையும். போன் நம்பரே நீலக் கறையாகிவிட்டால் கார்டு எதற்கு? லேசர் பிரிண்டரில் தூள் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுவதால் அது கரையாது. வீட்டில் இங்க்ஜெட்தான் என்றால் பிடிஎப் பைலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, லேசர் பிரிண்டர் உள்ள ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பிரிண்டர் எவ்வளவு தடிமன் வரை தாளை ஏற்கும் என்று அதன் கையேட்டில் ஜிஎஸ்எம் கணக்கில் போட்டிருக்கும். அதை மீறினால் தாள் சிக்கும்.

இரு பக்கமும் பளபளவென்று லேமினேட் செய்வது நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் பின்பக்கத்தில் பேனா எழுதாது. பின்பக்கத்தைக் காலியாக விட்டு, சரக்கு கொடுக்கும்போதே அதில் "நெத்திலி அரைக் கிலோ" என்று தேதியுடன் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தக் கார்டை எடுப்பவருக்கு என்ன வாங்கினோம் என்பது நினைவுக்கு வரும். ஓலைப் பெட்டி விற்பவர்கள் பெட்டியின் அளவையும் நிறத்தையும் எழுதலாம். அதே போல இன்னும் பத்து வேண்டும் என்று கேட்க வசதி. கார்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் கூடையிலிருந்து தள்ளி வையுங்கள். கருவாட்டு வாசனையோடு கார்டு யார் பர்ஸிலும் நெடுநாள் இருக்காது.

ஓலைப் பெட்டி முடையும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கார்டு போடும்போது, யார் நம்பரைப் போடுவது என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும். தலைவியின் சொந்த நம்பரைப் போட்டால், அடுத்த முறை வேறொருவர் தலைவி ஆனதும் கார்டு எல்லாம் வீண். கண்டவர்களும் இரவு பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். குழுவுக்கென்று தனி சிம் ஒன்று வாங்கி, அதில் வாட்ஸ் அப் பிசினஸ் வைத்துக்கொண்டால் வேலை நேரத்தை அதிலேயே அமைக்கலாம். மற்ற நேரத்தில் வரும் செய்திக்கு அதுவே பதில் அனுப்பிவிடும்.

பிரிண்ட் கொடுக்கும்போது

பிரிண்ட் டயலாக் பாக்ஸில் "பிட் டு பேஜ்" என்று இருந்தால் அதை எடுத்துவிட்டு, "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்று மாற்றவும். இதைக் கவனிக்காவிட்டால் கார்டு சுருங்கிவிடும். முதல் பிரதியைச் சாதாரணத் தாளில் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்: 8.9 வர வேண்டும். பிறகு அதைத் தடித்த தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்கள் எப்படி வரும் என்று தெரியும். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். இரும்பு ஸ்கேலும் பேப்பர் கட்டரும் போதும்.

முதல் கார்டை வீட்டில் உள்ள வயதான ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் கொடுத்து, நம்பரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து அதை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். இப்போது பலர் கார்டை வாங்காமல் போட்டோதான் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் நம்பர் தெளிவாகத் தெரிந்து, க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் உங்கள் போன் ஒலித்தால், பத்துக் கார்டு கொண்ட முதல் தாளை எடுத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக ஐந்நூறு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு தாள், அதாவது இருபது கார்டு. ரைட்டர் பைலைத் தேதி போட்ட பெயரில் சேவ் செய்து, பென் டிரைவில் இன்னொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.